நெஞ்சளவு தண்ணீர்

முற்றத்துத் தொட்டியின் வட்டத் தகரச் சுவர் விளிம்பிலிருந்து பழைய பிளாஸ்ரிக் விரிப்பைத் தனுசியாவும் கணவரின் தம்பி ஜெயதீபனும் உருவி எடுத்தபோது, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு பனையோலைப் பாயும் வந்தது.

"அண்ணி, ஆர் இதைக் கீழை போட்டது?"

"நான்தான் தம்பி. அவரின்ரை காலுக்கு மெத்தெண்டு இருக்கட்டுமெண்டு போட்டனான்."

ஜெயதீபன் விரிப்பை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தண்ணீரின் பாரத்தில் பாயின் ஈர்க்குகள் குத்திய துளைகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது. மூன்று வாரமாகச் சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையால் அடைத்தும், தொட்டி விடியும்போதெல்லாம் வற்றிக் கிடந்தது இதனால்தான்.

கணவர் கோபிசங்கரின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. நெஞ்சளவு தண்ணீரில் மட்டுமே அவரால் நிற்க முடிந்தது. அதற்காகவே உடுவில் வீட்டு முற்றத்துக்கு இந்தத் தொட்டி வந்தது. "கடலையே கொண்டுவந்திட்டியள், மயிலிட்டிக்காரர் வலையோடை வரப்போகினம்" என்று பக்கத்து வீட்டுத் தம்பிஐயா வேலிக்கு மேலால் பகிடி விட, "மீன் பட்டால் உங்களுக்கும் ஒரு பங்கு" என்று தொட்டிக்குள் நின்றபடியே கோபிசங்கர் சிரித்திருந்தார். அது வைகாசியில்.

இப்போது ஆடி. கட்டிலில் கிடந்தவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. இனி வீட்டிலேயே வைத்திருக்கும்படி வைத்தியர் முதல்நாள் சொல்லிவிட்டார். "ஒருக்கா நிக்கவேணும், தனு" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

பாய்க்குப் பதிலாக அரித்த மணலைப் பரப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த புதிய விரிப்பை வெயிலில் இளக வைத்து, சுருக்கம் நீவி, விளிம்பில் மாட்டினார்கள். பத்து மணிக்குக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது.

"எவ்வளவு?" கோபிசங்கரின் உதடுகள் அசைந்தன.

"கணுக்கால் வந்திட்டுது," என்றாள் தனுசியா.

வெகுநேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"முழங்கால்."

மோட்டார் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை இன்னும் வேகமாக ஓடவைக்கும் வழி ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. "இஞ்சாருங்கோ, இடுப்புக்கு மேலை வந்திட்டுது" என்று அவளாகவே பொய் சொன்னாள். ஜெயதீபன் வந்து தமையனின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். பிறகு மோட்டாரை நிறுத்துவதற்காக வெளியே நடந்தார்.

"நிப்பாட்டாதையும் தம்பி."

மறுநாள் விடியற்புறம் கிணறு அடிமட்டத்துக்கு வற்றிய பிறகுதான் அது நின்றது.

அன்று பின்னேரம் சுடலையிலிருந்து திரும்பிய ஆண்கள் முழுகுவதற்குக் கிணற்றடியில் கூடினர். வாளியில் சேறுதான் வந்தது. முற்றத்தில் தொட்டி நிறைந்திருந்ததை எல்லோரும் கண்டனர். எவரும் கிட்டப் போகவில்லை. கடைசியில் தம்பிஐயா வாளியோடு வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, கோவிக்காதை. கிணத்திலை தண்ணியில்லை. உதிலை அள்ளலாமோ?"

தனுசியா எழுந்து வெளியே வந்தாள்.

"இறங்கியே முழுகுங்கோ ஐயா. ஒழுகாது."

வாளிகள் கைகளிலேயே இருந்தன. ஜெயதீபன் உடுத்த வேட்டியோடு ஏணியில் ஏறி, உள்ளே இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய நெஞ்சைத் தொட்டது.

தனுசியா தொட்டியைச் சுற்றி வந்தாள். தகரச் சுவர் நிலத்தைத் தொடும் இடத்தை அடியடியாகக் குனிந்து தடவிப் பார்த்தாள். மண் காய்ந்திருந்தது.