மீண்டும் வறுக

இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. மருந்துக்கடைக்காரர் கிழித்துக் கொடுத்த பில்லின் அடியில் 'நன்றி, மீண்டும் வறுக' என்று இருந்தது. வல்லின 'று' போட்டு வாடிக்கையாளரை வாணலியில் ஏற்றிய அந்தப் பிழை அவளுடையது. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை பில் மென்பொருளை எழுதியபோது தூக்கக் கலக்கத்தில் விழுந்த எழுத்து. ஆனால் இந்தக் கடைக்கு அவள் எதையும் விற்றதே இல்லை.

"எங்க மருந்துக்கடைச் சங்கத்துல பென்டிரைவ்ல குடுத்தாங்க மேடம். எல்லாக் கடையிலயும் இதான் ஓடுது," என்றார் கடைக்காரர், தெருக்குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்வதுபோல.

வாசலிலேயே நின்று தெரிந்த வக்கீலை போனில் பிடித்தாள். ஒரே மாதிரி மென்பொருளை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒரே மாதிரி தப்பு ரெண்டு பேருக்கு வராது என்றார் வக்கீல். அந்த 'று'தான் சாட்சி, அதில் மட்டும் கை வைத்துவிடாதே என்றும் சொன்னார். நல்லவேளை, சோம்பேறித்தனத்தால் அதை இதுவரை திருத்தாமல் விட்டிருந்தாள்.

வீட்டின் பின்னறைதான் அலுவலகம். அவளும் தம்பியும்தான் மொத்த ஊழியர்கள். பில்லைப் பார்த்துத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீல் சொன்னதை அவனிடம் சொல்லவே பிடிக்கவில்லை.

"சட்டம் இருக்கும்போதே இந்த லட்சணம்க்கா. பதிப்புரிமையே இல்லைன்னு வெச்சுக்கோ, புதுசா என்ன குறைஞ்சுடப் போகுது? மென்பொருளைச் சும்மா குடுத்துட்டு, பராமரிப்புக்குக் காசு வாங்கலாம்."

"யாருடா பராமரிக்கக் கூப்பிடறா? கெட்டுப்போனா இன்னொரு காப்பி எடுத்துக்கறாங்க. சும்மா குடுக்கணும்னா நான் ஏன் ராப்பகலா கண்ணைக் கெடுத்துக்கணும்?"

பிள்ளை உள்ளே இருமினான். மருந்தை ஊற்றப் போனவள் புட்டியில் இருந்த தேதியைப் பார்த்து நின்றுவிட்டாள். காலாவதியான மருந்து. அவளுடைய மென்பொருள் அதற்கு பில் போட்டிருக்கவே கூடாது. பழைய பதிப்பில் அந்தத் தேதிக் கணக்கு தவறாக இருந்ததும், அதைச் சரிசெய்து காசு கொடுத்த கடைகளுக்கு மட்டும் அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. திருடியவர்கள் பழையதைத் திருடியிருக்கிறார்கள். ஒழுங்காகத் திருடக்கூடத் துப்பில்லாத ஜென்மங்கள்!

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றுதான் படுத்தாள். ஆனால் அந்த மருந்து போகப்போவது சங்கத்துக்காரர்களின் வயிற்றுக்குள் இல்லையே. எழுந்ததும், திருத்திய பதிப்பை பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னாள். தம்பி நல்லபிள்ளையாகப் போட்டுக் கொடுத்தான். இன்னொரு சின்ன வேலையையும் சேர்த்து முடித்துவிட்டேன் என்றான். எரிச்சலில் அவள் காது கொடுக்கவில்லை.

புட்டியை மேஜைமேல் வைத்ததும் கடைக்காரர் தேதியைப் படித்துவிட்டு எழுந்தார். நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் புதியதை ஏற்றி, அதே புட்டிக்கு பில் போட்டுப் பார்த்தாள். கணினி மறுத்தது. நல்ல மருந்தொன்றுக்குப் போட்டாள். பில் வந்தது.

கடைக்காரர் அதைக் கிழித்து வாசித்தார். முகம் மலர்ந்தது.

"மீண்டும் வருக! அப்பாடா, இதையும் திருத்திட்டீங்களா? வர்றவங்க எல்லாம் படிச்சுட்டுச் சிரிப்பாங்க மேடம். எழுதினவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானோ."

தம்பியின் சின்ன வேலை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவனை எதைக்கொண்டு அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தாங்க எழுதினேன்," என்றாள்.

"யார் எழுதினா என்ன மேடம்," என்றார் அவர் ஆறுதலாக. சங்கத்து பென்டிரைவ் அதற்குள் கணினியில் ஏறியிருந்தது. "சாயந்திரத்துக்குள்ள எல்லாக் கடைக்கும் குடுத்துடறேன்."