டீ ஆறுவதற்குள் ஒரு வரி

1

நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. கம்ப்யூட்டருக்கு எந்த மொழி நல்லது, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டாவது பத்தியில் காசிநாதன் என்றொரு புரோகிராமர் உள்ளே வந்துவிட்டான். அவனை வெளியே அனுப்ப என்னால் முடியவில்லை.

2

'1987இல், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில், புகைபோக்கியின் நிழல் மெல்ல—'

(வேண்டாம். நிழலுக்கு இங்கே வேலை இல்லை. ஆலையும் என் கற்பனைதான், தேடிப் போகாதீர்கள்.)

எந்தக் கரும்பு வயலை எப்போது வெட்டுவது என்று சொல்லும் கட்டிங் ஆர்டரைக் கம்ப்யூட்டரில் போடக் காசிநாதனிடம் சொன்னார்கள். முன்னால் நட்டவருக்கு முன்னால் வெட்டு. கூட வேலை பார்த்த அமிர்தவல்லி, கோபோல் மொழியில் எழுதலாம் என்றாள்.

"கோபோல்ல ஒரு வரி மாத்தினாலும் மொத்தத்தையும் கம்பைல் பண்ணணும், மேடம். அரை நாள் போயிடும். பேசிக்னா டீ ஆறதுக்குள்ள மாத்திடலாம்."

"அதான் சார் பயமா இருக்கு."

ஆபரேட்டிங் சிஸ்டமாக யூனிக்ஸும் வேண்டாம் என்றான். அது படுத்துக்கொண்டால் திருச்சியிலிருந்து ஆள் வரவேண்டும். டாஸ் இரண்டு பிளாப்பியில் அடங்கிவிடும். அவன் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு வருத்தம் அதுதான்.

3

கரும்பு ஆபீசர் வைரக்கண்ணு ஒரு நாள் டீயோடு வந்தார்.

"தீப்பட்ட கரும்பு நின்னா சாறு கெட்டுப்போயிடும் தம்பி. அதை முன்னால தள்ளிவுட்டுடுங்க."

நியாயமான பேச்சு. காசிநாதன் ஒரு வரி சேர்த்தான். டீ இன்னும் சுட்டது.*

* கோபோலாக இருந்தால் அரை நாள் காத்திருப்பான். ஆர்டர் வராதவர்கள் தங்கள் வயலில் தாங்களே தீ வைத்தால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் யோசித்திருப்பானோ? யோசித்திருப்பான் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

4

தீப்பட்டால் முதல் வெட்டு என்ற சேதி ஊர் ஊராகப் பரவியது. வேப்பந்தட்டையில் ஆண்டாயியின் கரும்பு பூத்து, எடை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஆபீசுக்கே வந்து காசிநாதனிடம் கேட்டாள்.

"எனக்குப் பின்னால நட்டவங்க கரும்பெல்லாம் தீப்பட்டுச்சாம், ஆர்டர் வந்துடுச்சு. எனக்கு எப்பங்க?"

"கம்ப்யூட்டர் சொல்றதுதாம்மா. கொஞ்சம் பொறுங்க."

அவள் பொறுக்கவில்லை. தன் வயலில் தீ வைத்தாள். காற்று திரும்பியது. பக்கத்து வயலுக்குப் பரவாமல் தடுக்க உள்ளே ஓடிய அவள் புருஷன் செல்லப்பன் வெளியே வரவில்லை.

மறுநாள் ஆர்டரில் முதல் பெயர் ஆண்டாயி. புரோகிராம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காசிநாதன் அழுதான்.

5

வேறு முடிவுகள்.

(அ) அமிர்தவல்லி சொன்னபடி கோபோலிலேயே எழுதுகிறார்கள். அந்தப் பருவத்துக்குள் வேலை முடியவில்லை. பழையபடி ஆபீசருக்கு வேண்டியவர்களுக்கே முதல் வெட்டு. ஆண்டாயி அப்போதும் கடைசிதான்.

(ஆ) காசிநாதன் அந்த வரியை அழித்துவிட்டு ஆண்டாயி வீட்டுக்குப் போகிறான். அவளிடம் அவன்—

(இ) ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும், செல்லப்பன் வரப்பிலேயே நின்றுவிடுவார். பேனாவுக்கு அது மிகவும் சுலபம். சுலபமாக இருப்பதால்தான் எனக்குக் கை வரவில்லை.

கதை இனி உங்களிடம். மாற்றுவதானால் மாற்றுங்கள். அதற்கு முன் உங்கள் டீ ஆறட்டும்.