லினெட்டின் பாஸில் ஒரு விருந்தாளி

அந்த ரயில் பாஸ் வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு பிரிட்டனில் எந்த ஊருக்கும் எந்த ரயிலிலும் ஏறலாம். பிறந்ததிலிருந்து இந்த க்ரூ ஊரில் ரயில் சத்தத்தைக் கேட்டே தூங்குகிற எனக்கு அது கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் வெயிலைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கு ஓடிப்போன என் தங்கை லினெட்டுக்கு உண்டு. நியாயத்தைப் பாருங்கள்.

பாஸ் வாங்குகிறவர் உள்ளூர்க்காரர் ஒருவரை விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். ஒரே ஒருவரைத்தான். பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். விருந்தாளி தன் இஷ்டத்துக்கு எங்கும் போக முடியாது, பாஸ்காரர் கூடவேதான் ஏறி இறங்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு லினெட் கேட்டாள், "நீ வர்றியா கேய்?"

"நான் எதுக்குடி நடுவுல இடைஞ்சலா? கிளைவைக் கூட்டிட்டுப் போ. அவன்தான் ரயில் பைத்தியம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். ஒரு துண்டு கேக்கைக்கூட யாரும் முதல் தடவையில் எடுக்க மாட்டார்கள். வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் "இவ்வளவு சொல்றீங்களே" என்று கை நீளும். அம்மா எங்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் வளர்த்தாள். ஆனால் லினெட் "அப்படியா, சரி" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாளே என் வீட்டுக்காரன் கிளைவின் பெயரைக் கொடுத்தும்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் அப்படியே பலித்தது.

லினெட் வந்து இறங்கியதும் எங்கள் சமையலறை மேஜை ரயில் நிலையமாகிவிட்டது. சாப்பிட்ட தட்டை எடுப்பதற்குள் வரைபடத்தை விரித்துவிடுவார்கள். முதலில் யார்க்கா எடின்பரோவா, பாத் நகரத்துக்கு ஒரு நாள் போதுமா, பென்சான்ஸுக்கு இரவு ரயிலில் போனால் ஓட்டல் செலவு மிச்சமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து. கிளைவ் முப்பது வருஷம் தபால்காரனாக இருந்தவன், ஓய்வு பெற்றதிலிருந்து தாடியைக்கூட ஒழுங்காக மழிப்பதில்லை. இப்போது தினமும் மழித்தான். என் பிறந்தநாளுக்குக்கூடப் போடாத நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு தலைகளும் முட்டுகிற மாதிரி குனிந்திருக்கும். நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பேன். "அங்கே வைக்காதே கேய், ஸ்காட்லாந்து நனைஞ்சிடும்" என்பான்.

ஒரு நாள் அவன், "லினெட்டுக்கு வரைபடம் பாக்க எவ்வளவு நல்லா வருது" என்றான். காரில் போகும்போதெல்லாம் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு வழி சொன்னது யார்? வயிறு எரிந்தது. இதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அது பொறாமைதான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் லினெட்டின் விரல் வரைபடத்தில் மேலே மேலே ஊர்ந்து போய் ஸ்காட்லாந்துக் கடலோரத்து மல்லெய்க்கில் நின்றது. "இங்க பாரேன், தண்டவாளம் கடலோட போய் முடியுது. இங்கே போகலாம்" என்றாள்.

மல்லெய்க் என்னுடையது. எங்கள் தேனிலவு பிளாக்பூலில், விடாத மழையில் கழிந்தது. அப்போது கிளைவ் வாக்குக் கொடுத்தான்: ஒரு நாள் உன்னை மல்லெய்க் கூட்டிப்போகிறேன், தண்டவாளம் முடிகிற இடத்தில் உட்கார்ந்து, புகையில் வாட்டிய மீன் வாங்கித் தின்னலாம் என்று. அடுத்த வருஷம் கூரை ஒழுகியது. அப்புறம் மகள் பிறந்தாள். அப்புறம் அவன் முழங்கால். வருஷா வருஷம் ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

கிளைவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். பிறகு, "சரி, இரண்டாவது வியாழக்கிழமை வெச்சுக்கலாம்" என்றான். நான் டீக் கெண்டியை மேஜைமேல் வைத்த வேகத்தில் மூடி எகிறி விழுந்தது. இரண்டு பேருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாயைத் திறந்து நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பாஸ் இல்லாவிட்டால் என்ன, டிக்கெட் வாங்கினால் போயிற்று. ஆனால் கேட்டுப் பெற்றால் அது என்ன பெருமை? அவர்களாகக் கேட்க வேண்டும்.

கிளம்புகிற நாளில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வழியனுப்பப் போனேன். வீட்டுக் கதவுக்குப் பின்னால் என் பெட்டியும் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் அவர்கள் கூப்பிட்டால், வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று கணக்கு. ரயில் வந்தது. முட்டை சாண்ட்விச்சைக் கையில் கொடுத்தேன். லினெட் கட்டிப்பிடித்து, "ரெண்டு வாரம் உனக்கு நிம்மதி" என்றாள். கிளைவ் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். கதவு மூடிக்கொண்டது.

அப்புறம் ஒவ்வொரு ஊரிலிருந்தும் கிளைவின் போன். யார்க்கில் பழைய கோட்டை மதில்மேல் நடந்தார்களாம். பாத்தில் லினெட் வழி தவறி யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோவுக்குள் போய் நின்றாளாம். பின்னால் அவள் சிரிக்கிறது கேட்டது. செடிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டான். செத்துக்கொண்டிருக்கின்றன என்றேன்.

அந்த இரண்டாவது வாரம் புதன்கிழமை கதவுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்தேன். டிக்கெட் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது, ஆனாலும் கார்டை நீட்டினேன். அவர்களுடைய திட்டம் எனக்கு மனப்பாடம். அத்தனை நாள் டீ ஊற்றியதில் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். ஏரியும் மலையுமாக ஜன்னலுக்கு வெளியே என்னென்னவோ போயின. எதையும் பார்க்கவில்லை. ரயிலை விட்டு இறங்குகிறவர்களிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

ராத்திரி மல்லெய்க்கில் ஒரு விடுதியில் தங்கினேன். வியாழக்கிழமை பகலில், வாட்டிய மீன் மூன்று வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ரயில் வந்தது. மழைக்கோட்டுக்காரர்கள் கூட்டமாக இறங்கினார்கள். கடைசி ஆளும் போனான். பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தேன். அவர்கள் இல்லை.

கைப்பையில் செல்போன் அடித்தது. கிளைவ்.

"எங்கே போயிட்டே? நேத்திலிருந்து வீட்டுக்கு அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கறே."

"நீ எங்கே இருக்கே?" என்றேன்.

"ஃபோர்ட் வில்லியம்ல. பாதி வழியில இறங்கிட்டேன். லினெட்கிட்ட முழங்கால் வலின்னு சொன்னேன், வலியெல்லாம் இல்லை. மல்லெய்க் உன்கூடன்னு சொல்லியிருக்கேன்ல. அந்த ரயில்ல உக்கார முடியலை, கேய்." சட்டென்று பேச்சை மாற்றினான். "அது என்ன சத்தம்? கடற்காக்காவா? க்ரூல ஏது கடற்காக்கா?"

"நான் மல்லெய்க்ல இருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு குரலில் கேட்டான்.

"யார்கூட?"

பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் விட்டேன். புழுங்கட்டும். இத்தனை நாளும் எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"தனியாத்தான்."

"என்னை விட்டுட்டா போனே?" என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "நான் அங்கே வரட்டுமா?"

"வேண்டாம், எதுக்கு உனக்கு அலைச்சல்." பாழாய்ப்போன வாய். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கிளைவும் க்ரூவில் பிறந்தவன்தான். "வரட்டுமா, கேய்?" என்று இன்னொரு தடவை கேட்டான்.

"சரி, வா."

"லினெட் கடைத்தெருவுக்குப் போயிருக்கா. அவளையும் கூட்டிட்டு அடுத்த ரயில்ல வந்துடறேன்."

"அவளை ஏன் தொந்தரவு பண்றே? கடை பாக்கட்டும். நீ மட்டும் வா."

"அவ இல்லாம என் பாஸ் செல்லாதே."

பெஞ்சில் பக்கத்திலிருந்த என் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தேன்.

"ஸ்டேஷன்ல டிக்கெட் விக்கறாங்க கிளைவ்" என்றேன். "உன் சொந்தக் காசுல வாங்கிட்டு வா."