உத்தரவில் இல்லாத பேன்

நீதிமன்றம் எதையும் விட்டுவைக்கவில்லை. பள்ளி விடுமுறையில் எந்தப் பாதி யாருக்கு, காய்ச்சல் வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், மகளின் நீச்சல் உடை எந்த வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்பது வரை விவாகரத்து உத்தரவில் இருந்தது. பேனைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நீதிபதிக்கு வழுக்கை என்பது காரணமாக இருக்கலாம்.

குழந்தையைக் கைமாற்ற நடுநிலையான ஓர் இடம் வேண்டுமாம். நூலகத்தின் சிறுவர் பிரிவு என்று முடிவானது. 'சத்தம் கூடாது' என்ற பலகைக்குக் கீழே இருவரும் சந்தித்தார்கள். கணவன் மனைவியாக இருந்த காலத்தில் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது.

வார இறுதியை அப்பாவோடு கழித்துவிட்டு அந்த ஞாயிறு மாலை மகள் தலையைச் சொறிந்துகொண்டே வந்தாள். அம்மா மருந்துக்கடை நடத்துகிறவள். சொறிகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஜன்னலோரம் இழுத்துப்போய் வகிடு பிரித்தாள். காதுக்குப் பின்னால் ஒரு குடும்பமே குடியிருந்தது. பிரியாத குடும்பம்.

தனக்குள் கிளம்பியதைக் கவலை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். கவலைக்கு இத்தனை குஷி உண்டா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

"பாத்தீங்களா?" என்று அவனிடம் கிசுகிசுத்தாள். "ரெண்டு நாள் உங்ககிட்ட விட்டா இந்த லட்சணம். தலையா இது?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் பதறாத தொழில். தொப்பியைக் கழற்றிச் சொறிந்துகொண்டான். "ஸ்கூல்லேருந்து வந்திருக்கும். எனக்கும்தான் அரிக்குது. உனக்கு இல்லையா?"

"எங்க வீடு சுத்தமா இருக்கும்."

"தரை துடைச்சிருக்கான்னு பாத்துட்டா பேன் ஏறுது?"

"அந்த வாய் மட்டும் மாறவே இல்ல."

"உஷ்!" என்றார் நூலகர்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க," என்றாள் மகள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வரேன்."

பஸ் ஸ்டாப்பிலிருந்தே அம்மா தன் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பேனா? உயிரோடவா?" வக்கீலம்மா ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து பூரித்துப்போனார். "பிரமாதம் மேடம்! போட்டோ எடுத்து அனுப்புங்க. 'தொடர்ச்சியான அலட்சியம்'னு போட்டு, ராத்திரி தங்கறத நிறுத்திடலாம். பகல்ல வந்து பாத்துட்டுப் போகட்டும்."

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளை விளக்கடியில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள்.

"எதுக்கும்மா போட்டோ?"

"சும்மா. ஞாபகத்துக்கு."

"பேனயா?"

"அப்பாவுக்கு எப்படிடி வந்துச்சு?" வாக்குமூலம் வாங்கும் குரல் அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"நான்தான் குடுத்திருப்பேன். ஒரே தலகாணிலதான் கதை படிப்போம். அவரு பாதியிலயே தூங்கிடுவாரு. நான் அவர் தலைமேல சாஞ்சு மீதியப் படிச்சிடுவேன்."

'பேன் குதிக்காதுங்க, பறக்காதுங்க. தலையும் தலையும் ஒட்டினாத்தான் வரும்.' கடையில் லோஷன் விற்கும்போதெல்லாம் அவள் கிளிப்பிள்ளையாகச் சொல்வது இது. இப்போதுதான் அது காதில் விழுந்தது.

குளியலறைக்குப் போய்த் தன் கூந்தலை அவிழ்த்தாள். வெள்ளைத் துண்டை விரித்து, குனிந்து, பேன் சீப்பால் வாரினாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது. மண்டை எரிய எரிய மறுபடி வாரினாள். ஓர் ஈர்கூட இல்லை. இதற்குப் போய் யாராவது அழுவார்களா? பேன் இல்லை என்று சொன்னால் அவள் கடைக்கு வருகிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

வாரமெல்லாம் அவளிடம் இருக்கிற குழந்தை. தனி அறை வேண்டும் என்றது உத்தரவு, கொடுத்தாள். தனிக் கட்டில், இஸ்திரி போட்ட விரிப்பு, கோடு பிசகாமல் அடுக்கிய மேசை. ராத்திரி கதவருகே நின்று, 'பல் தேச்சியா?' என்று கேட்டுவிட்டு விளக்கை அணைப்பாள். நீதிபதி வந்து பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். பேன்தான் வந்து பார்த்தது. அவள் தலைக்கு வழி கிடைக்காமல் நின்றுவிட்டது.

போன் அடித்தது. வக்கீலம்மா.

"போட்டோ வரலியே மேடம்?"

"சரியா விழல மேடம்."

"இன்னொண்ணு எடுங்களேன்."

"வேண்டாம். ராத்திரி தங்கறது அப்படியே இருக்கட்டும்."

மறுமுனையில் ஒரு நல்ல வழக்கு செத்துப்போனது.

மகள் கட்டிலில் புத்தகத்தோடு கிடந்தாள். லோஷன் பாட்டில் மேசைமேல் இருந்தது. அம்மா அதைத் திறக்காமல் ஓரமாக நகர்த்தினாள்.

"இத நாளைக்குப் போட்டுக்கலாம். கொஞ்சம் தள்ளிப் படு."

மகள் சந்தேகமாகப் பார்த்தாள். "ஒட்டிக்கும்மா."

"ஒட்டட்டும்."

ரொம்ப யோசித்து, மகள் தலையணையின் ஓரத்தை மட்டும் விட்டுக்கொடுத்தாள். "அப்பா மாதிரி பாதில தூங்கக் கூடாது."

"மாட்டேன்."

இஸ்திரி போட்ட விரிப்பு கசங்கியது. மகள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அம்மா தன் தலையை மெல்ல நகர்த்தி அவள் தலையோடு ஒட்டவைத்து, அரிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தாள்.