மேக்னெட் பக்கத்து சீல்

"அண்ணன் வண்டி பாடைக்கு முன்னாடி போவணும்கா. நான்தான் ஓட்டுவேன். சுடுகாடு வரைக்கும் முறுக்கிக்கினே போவேன்," என்றான் சின்னத் தம்பி சிட்டிபாபு. சுகாசினி அவன் கையில் டீ டம்ளரைத் திணித்தாள். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஐயம்பேட்டைப் பையன்களிடம் இப்போது இது ஒரு வழக்கமாகிவிட்டது. வண்டியில் செத்தவனை வண்டிச் சத்தத்தோடுதான் அனுப்ப வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. தெருவில் ஏழெட்டு வண்டிகள் தயாராக நின்றன.

அவளுடைய மூத்த தம்பி ராமராஜன் நேற்றுச் செத்துப்போனான். கோடையில் வற்றிய தென்னேரி ஏரிக்குள் மண்ணைக் குவித்துப் பையன்கள் ரேஸ் விடுவார்கள். மேடு தாண்டி இறங்கியபோது பின்சக்கரம் ஒரேயடியாக நின்று அவனைத் தூக்கி எறிந்தது. வேகம், திமிர் என்று ஊர் பேசியது.

வண்டி கொல்லையில் இருந்தது. சுகாசினி போய்ப் பார்த்தபோது அவள் கணவன் வீராசாமி அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் மெக்கானிக். போன வாரம் அதைப் பிரித்துச் சேர்த்தவனும் அவன்தான். சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்று ராமராஜன் கொண்டுவந்து விட்டிருந்தான். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்து, கியர் ஆயிலை என்ஜின் குடிக்கிறது என்று சொல்லி வீராசாமி அதை மாற்றினான். புகை நின்றது. மறுபக்கம், கரண்ட் தரும் மேக்னெட்டுக்குப் பின்னாலும் காற்றுப் புகாமல் அடைக்கும் ஒரு சீல் உண்டு. அதை அவன் திறந்து பார்க்கவில்லை. புகைதான் நின்றுவிட்டதே.

முந்தாநாள் ராமராஜன் வீட்டுக்கு வந்து, "மாமா கை வெச்சதும் பிக்கப் எப்டி ஏறிக்கிச்சு தெரியுமாக்கா?" என்று சிரித்தான். அவளும் பெருமையாகச் சிரித்து, அவனுக்கு இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினாள்.

வீராசாமி வண்டியை உதைத்தான். வாசலில் மேளம் அடித்ததில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. மெக்கானிக் ஷெட்டை ஒட்டிய அறையில் குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கேட்டது. அவன் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தான். சத்தம் இறங்க வேண்டும், இறங்கவில்லை. யாரும் தொடாமலே ஏறிக்கொண்டு போனது.

மேக்னெட் மூடியை முன்பே கழற்றி வைத்திருந்தான். சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து அந்தப் பக்கம் பீச்சினான். சத்தம் சட்டென்று தணிந்தது. பெட்ரோல் காய்ந்ததும் மறுபடி ஏறியது. சாவியைத் திருப்பியும் என்ஜின் நிற்கவில்லை. கார்புரேட்டர் வாயில் துணியை வைத்து அழுத்தித்தான் அடக்கினான்.

"அந்தப் பக்கம் காத்து இழுக்குது," என்றான். "பெட்ரோலும் ஆயிலும் பத்தாம காஞ்சு ஓடியிருக்குது. அதான் அந்தப் பிக்கப்பு. சூட்டுல உள்ள பிஸ்டன் புடிச்சிக்கிச்சு, சக்கரம் நின்னுடுச்சு. ஆறினதும் விட்டுடும், பாத்தா யாருக்கும் தெரியாது."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லிடவா?" என்றான்.

சொல்லிவிடலாம். வாசலில் நிற்கும் பையன்கள் குடித்திருக்கிறார்கள். தெரிந்தால் இவனை அடித்தே கொன்றுவிடுவார்கள். அம்மா இனி இவன் முகத்தில் விழிக்க மாட்டாள், தன் முகத்திலும்தான்.

"இன்னிக்கி சொல்லிடலாம்," என்றாள் கடைசியில். "நாளைக்கி சின்னவன் எடுத்தான்னா?"

அதற்குள் சிட்டிபாபுவே வந்துவிட்டான். "சாவி குடு மாமா. நேரமாவுது."

வீராசாமி சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவனைத் தாண்டி வாசலுக்குப் போனான். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் மரியம்மாளின் முன்னால் குந்தினான். மேளத்தை நிறுத்தச் சொல்லிச் சுகாசினி கையைக் காட்டினாள்.

"அத்த, வண்டியில ரெண்டு சீலு. நான் ஒண்ணுதான் மாத்துனேன். இன்னொண்ணப் பாக்கல. அதாலதான் என்ஜின் புடிச்சிக்கிச்சு. அத யாரும் ஸ்டார்ட் பண்ண வேணாம்."

பின்னாலேயே வந்த சிட்டிபாபு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். ஒருவன் பாடைக்கு வெட்டியதில் மீந்த மூங்கிலை எடுத்தான். சுகாசினி நடுவில் புகுந்தாள். தம்பியின் கையை விலக்க அவள் விரல்களுக்கு வலுவில்லை.

மரியம்மாள் மகன் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். அது பறந்த பிறகும் விரட்டிக்கொண்டே இருந்தாள்.

"வண்டி முன்னாடி போவட்டும்," என்றாள். "ஸ்டார்ட் பண்ண வேணாம். மாப்ள தள்ளிக்கினு வரட்டும்."

சிட்டிபாபு சட்டையை விட்டான்.

பாடை கிளம்பியது. பையன்கள் தங்கள் வண்டிகளையும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வீராசாமி தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். தெருமுனை மேட்டில் அவனால் முடியவில்லை, வண்டி நின்றது. பின்னால் பாடையும் நின்றது. யாரும் கைகொடுக்க வரவில்லை.

பெண்கள் திரும்ப வேண்டிய இடம் அதுதான். அம்மா திரும்பி நடந்தாள். சுகாசினி கூட்டத்திலிருந்து விலகிப் போய் சீட்டின் பின்புறம் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். வெயிலில் சீட்டு சுட்டது.