ஸ்டீயரிங்கில் இரண்டு தட்டு

“நாப்பது கேள்விக்கு நாப்பதும் சரி! சொல்லிக் குடுத்தவரு செத்து மூணு வருஷமாச்சு!”

சலவைக்கடைக்காரி லைசென்ஸ் எழுத்துத் தேர்வு முடிவை மேசைமேல் அடித்து வைத்த வேகத்தில் இஸ்திரிப் பெட்டியே துள்ளி விழுந்தது. அவள் புருஷன் மட்டும் அசையவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“உங்கப்பாதான்.”

“உயிரோட இருந்தப்பவே ஒரு நாளைக்கு ஒம்பது வார்த்தை பேசாத மனுஷன், செத்தப்புறம் டியூஷன் எடுத்தாராக்கும்? காதுல பூ சுத்தாத.”

“பேசல. தட்டினாரு.”

மாமனார் கடையின் சலவை வேனை முப்பது வருஷம் ஓட்டியவர். யாராவது தப்பு செய்தால் திட்டமாட்டார். மோதிரம் போட்ட விரலால் ஸ்டீயரிங்கில் ‘டக் டக்’ என்று இரண்டு தட்டு. அதைக் கேட்டால் எதிரே வரும் லாரிகூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கும்!

கண் டாக்டர், “இனி வண்டியைத் தொடாதீங்க” என்று அவள் புருஷனிடம் சொல்லி ஆறு மாதமாகிறது. அவர் கேட்டால்தானே? போன வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தைக்கு ஒரு முழத் தூரத்தில் வேன் நின்றது. சாவியைக் கேட்டு அவள் அழுதாள். “எழுத்துப் பரீட்சையில தேறிட்டு வா, தர்றேன்” என்றார், அவள் தேறவே மாட்டாள் என்ற தைரியத்தில்.

தைரியத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு தடவை கோட்டை விட்டவள் அவள். இருபது வருஷமாகத் துணிகளின் கழுத்துப்பட்டிச் சீட்டைப் படித்த கண்ணுக்கு முக்கோணம் என்றால் ‘வெளுக்கலாம், தாராளமாகச் செய்’. சாலையிலோ முக்கோணம் எச்சரிக்கை. எச்சரித்த இடமெல்லாம் ‘தாராளமாகப் போகலாம்’ என்று குறித்துவிட்டு வந்தாள்!

சலவை இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பயந்து, நிறுத்திவைத்த வேனுக்குள் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். “முக்கோணம்னா போகலாம்.” டக் டக். திரும்பிப் பார்த்தாள். வேனில் அவளைத் தவிர ஒருவருமில்லை. மாமனாரின் மோதிரமோ வீட்டு பீரோவில் பூட்டிக் கிடந்தது. “எச்சரிக்கை” என்று திருத்திச் சொன்னாள். சத்தமில்லை. அப்படியே புத்தகம் முழுவதும்.

“எலியா இருக்கும்” என்றார் புருஷன்.

“எலிக்கு ரோடு ரூல்ஸ் தெரியுமா? வாங்க, காட்டறேன்.”

வேனில் அவர் ஓட்டுநர் இருக்கையில், அவள் பக்கத்தில். கண்ணாடிகளை ஏற்றியதும் வெயில் நேரத்திலும் உள்ளே ஜில்லிட்டது. மாமனாரின் சவரச் சோப்பு வாசனை வேறு. “ரெண்டு கையையும் மடியில வைங்க” என்று தன் கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வச்சாச்சு. எங்க உன் வாத்தியாரு?”

“கண்ணு சரியாத் தெரியாதவங்க வண்டி ஓட்டலாமா?”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

டக் டக்.

அவர் முகம் இஸ்திரி போட்ட வேட்டிபோல வெளுத்தது. இன்னொரு முறை, ரொம்பச் சின்னக் குரலில், “நான் ஓட்டுவேன்” என்றார்.

டக் டக். ஸ்டீயரிங் அவர் கண்ணெதிரே அதிர்ந்தது.

பிறகு சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“பக்கத்துல உக்கார டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை ஏற்பாடு பண்ணிக்க. அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்.”

“எலிதானே?”

“இல்லடி. அப்பாதான். முதல் தட்டுலயே தெரிஞ்சுபோச்சு.”