பிளைமவுத் நகரில் கை தூக்கியவர்கள்

பிளைமவுத் நகரில் முதல் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் அத்தனை பேருக்கும் வலது உள்ளங்கையில் சோளம் முளைத்தது. அந்த வருஷம் உளுந்து நல்ல விலைக்குப் போனது. ஊர்ப்பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வைத்தவர் சரித்திர டீச்சர் உமாராணி. குளத்தூர்ப் பக்கம் கிணறெல்லாம் உப்பாகிப்போக, ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்களைப் புதூருக்கு மேற்கே ஒரு கரிசல் பொட்டலுக்கு அவர்தான் கூட்டிவந்தார். அமெரிக்காவில் பிளைமவுத் என்ற இடத்தில் குடியேறியவர்கள் கப்பலை விட்டு இறங்குமுன்பே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள் என்று வருஷாவருஷம் பாடம் நடத்துகிறவர், பொட்டல் வந்ததும் யாரையும் இறங்கவிடவில்லை. நமக்கு நாமே சட்டம், கை தூக்கி முடிவு, ஆண்டுக்கொரு தலைவர் என்று லாரியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார். அமெரிக்காவில் ஆண்கள் மட்டும்தான் கையெழுத்துப் போட்டார்கள். டீச்சர் அந்த ஒரு தப்பைத் திருத்தினார். அவரையே தலைவராக்கிவிட்டுத்தான் ஜனம் இறங்கியது.

பொட்டலில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஆட்டுக்காரர் சிவனாண்டி. இடம் பார்க்க வந்த டீச்சருக்குத் தண்ணீர் கொடுத்து, விதைச்சோளம் புதைத்த குழியையும் காட்டி, “கிடை போட மேக்க போறேன், பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூரை வேய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதை சகதியாகி அரிசி வண்டி வராமல் பிள்ளைகள் சுருண்டு கிடந்தன. டீச்சருக்குக் குழி தெரியும். அது யாருடையது என்பதும் தெரியும். “அமெரிக்காவுலயும் புதைச்சு வச்ச சோளத்தை எடுத்துத்தான் பொழச்சாவ” என்று ஊரின் முதல் கூட்டத்தில் சொல்லி, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். கஞ்சி நன்றாகத்தான் இருந்தது.

விதைப்புக்குத் திரும்பிய சிவனாண்டி குழியைப் பார்த்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்தார். “வெதைய எங்க டீச்சர்?” உள்ளதைச் சொல்லியிருக்கலாம். “நீங்க கையெழுத்துப் போடலையே அண்ணாச்சி. கூட்டத்துல பேச உங்களுக்கு உரிமையில்ல” என்றார் டீச்சர். சொல்லும்போதே வாய் கூசியது. சிவனாண்டி ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார். அவர் நிலம் அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது.

மறுநாள் காலை டீச்சரின் கையில் முளை விட்டிருந்தது. பிடுங்கினால் பொழுது சாய்வதற்குள் மறுபடி முளைத்தது. கோவில்பட்டி டாக்டர் களிம்பு கொடுத்தார். பஸ் கண்டக்டர்கள், “சோளத்தட்டையை வெளிய நீட்டாதீங்க” என்பதோடு விட்டுவிட்டார்கள். டீச்சர் இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகினார். வலி என்று ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் உள்ளே இறங்க மறுத்தது. திருடிவிட்டு அதற்குச் சட்டமும் பேசினோமே என்ற நினைப்பு தின்றது.

தை மாதம் கதிர் முற்றியதும் டீச்சர் நாகலாபுரத்தில் சிவனாண்டியைத் தேடிப் பிடித்தார். “தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. அது ஒங்க இடம். நீங்க போகச் சொன்னா போயிருதோம்” என்று அழுதார்.

“இத்தன பிள்ளைகளையும் வச்சிக்கிட்டு எங்க போவிய? கையை ஆட்டாதீங்க, மணி உதிருது” என்று அரிவாளை எடுத்தார் சிவனாண்டி.

அதிலிருந்து ஒவ்வொரு தையிலும் வந்து அறுக்கிறார். ஊர் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டுகிறது. போன அறுப்பில் டீச்சர் கேட்டேவிட்டார்: “இன்னும் எத்தன வருசம் அண்ணாச்சி?”

“மழையைப் பொறுத்துல்லா இருக்கு” என்றார் அவர். டீச்சர் இடது கையால் சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தார்.